நகர்வு மதிப்பெண்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தில், மகள் பத்து மாதங்களாக இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை என்று எழுதியிருந்தது. சித்தாள் அதை மேஸ்திரியிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். இரண்டு முறையும் அப்படித்தான் இருந்தது.

"காலைல தண்ணி பிடிச்சு வச்சிட்டு, எனக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டு, ரெண்டு மைல் நடந்து போறா. அவளா நகரல?"

"வேற யாராவது நகராம உக்காந்திருப்பாங்க, பேர் மாறி வந்திருக்கும். போய்க் கேட்டுட்டு வாம்மா. மத்தியானத்துக்குள்ள வந்துடு, ரெண்டாவது மாடிக்குத் தளம் போடணும்."

அவள் கைகால் கழுவி, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த சிமெண்ட்டைச் சுரண்டிவிட்டுப் போனாள்.

பள்ளியில் 'தொழில் தேடல் அறை' என்று பலகை மாட்டிய ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். முன்பு அது அறிவியல் ஆய்வுக்கூடம். பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு இடம் போதவில்லை என்பதால் கண்ணாடிக் குடுவைகளை எல்லாம் மாடிப்படிக்கு அடியில் போட்டு மூடியிருந்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். விமானி சிரித்தார், நீதிபதி சிரித்தார், பல் வைத்தியரும் அவரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தவரும் சேர்ந்து சிரித்தார்கள். வேலை செய்கிறபோது சிரிக்காதவர் ஒருவர்கூட அந்தச் சுவரில் இல்லை.

வழிகாட்டி டீச்சர் இரண்டு தாள்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் வேதியியல் படித்தவள். ஆய்வுக்கூடம் போன பிறகு வழிகாட்டி ஆக்கப்பட்டாள். கெட்ட மனுஷி இல்லை.

"இது தொழில் தேடல் வகுப்புல முதல் நாள் எழுதினது. இது கடைசி நாள் எழுதினது. என்னவாகப் போறே, அதுல எவ்வளவு தெளிவா இருக்கே, பத்துக்கு எவ்வளவு, ஏன். இவ்வளவுதாம்மா கேள்வி. உங்க பொண்ணு முதல் நாள் நர்ஸ்னு எழுதி பத்து போட்டிருக்கா. கடைசி நாளும் நர்ஸ், பத்து."

"அதான் டீச்சர். மூணு வருஷமா அதேதான் சொல்றா."

"அதுதான் பிரச்சினை. கடைசி நாள் மார்க்லேருந்து முதல் நாள் மார்க்கைக் கழிக்கணும். அந்த வித்தியாசம்தான் நகர்வு. பத்துலேருந்து பத்து போனா?"

"ஒண்ணுமில்ல."

"அதுதாம்மா உங்க பொண்ணோட மார்க்."

சித்தாளுக்கு அது புரிந்தது. அதனால்தான் குழப்பமாக இருந்தது. "அப்ப முதல் நாளே தெரிஞ்சு வச்சிருந்தது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. அளக்க முடியலன்னு சொல்றோம். வகுப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா, வகுப்பு என்னத்தைக் கத்துக் குடுத்ததுன்னு மேலேருந்து கேப்பாங்க இல்ல?"

பிறகு டீச்சர் வகுப்பின் முதல் மாணவியின் தாள்களை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணையும் சித்தாளுக்குத் தெரியும். அடுத்த தெருப் பெண். எந்த நாளும் பேனா கொண்டுவர மாட்டாள் என்பதால் பேனா என்றே பெயர். முதல் நாளும் கொண்டுவரவில்லை. தாள் வெள்ளையாக இருந்தது. அதற்குப் பூஜ்ஜியம் போட்டிருந்தார்கள். கடைசி நாள் பக்கத்து இருக்கையில் கடன் வாங்கியிருந்தாள். பத்து.

"பத்து மாசத்துல பூஜ்ஜியத்துலேருந்து பத்து. இதுதான் வெற்றி."

மகளின் தாளில் 'ஏன்' என்ற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு ஓரத்தில் 'கா-7' என்று எழுதியிருந்தார்கள். அந்த வரி இதுதான்: 'அவங்க எங்க அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டாங்க.'

கா-7 என்றால் என்ன என்று சித்தாள் கேட்டாள். டீச்சர் ஒரு புத்தகத்தைப் புரட்டி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி வாசித்தாள். "ஆராயாமல் அமைந்த விருப்பம்."

மூன்று வருடங்களுக்கு முன்னால் சாரம் சரிந்து அப்பன் விழுந்தான். பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். சித்தாள் பகலில் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் மகள்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஓர் ஆளைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போட ஒரு நர்ஸ் வருவாள். "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். அவனால் திரும்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பாள். இருபது வருடம் வேலை செய்த இடங்களில் எல்லாம் அவனை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். பதினோராவது நாள் அவன் போன பிறகும் அந்த நர்ஸ், துணியைப் போர்த்துவதற்கு முன்னால், "அண்ணே" என்று ஒரு தடவை சொன்னாள். இதை மகள் யாரிடமும் விவரித்ததில்லை. தாளில் அவ்வளவு இடமும் இல்லை.

"மார்க் இல்லாட்டி என்ன டீச்சர் ஆகும்?"

"இந்த வகுப்புல 'வெற்றி'ன்னு சான்றிதழ் வாங்கினாத்தான் பதினொண்ணாம் வகுப்புல நர்சிங் பிரிவுக்கு மனுவே போட முடியும். இருபதே இடம்தான். மத்த பாடத்துல எல்லாம் உங்க பொண்ணு நல்ல மார்க். இது ஒண்ணுதான். மூணு வாரத்துல மறு அளவீடு வைக்கிறோம். அதுக்குள்ள அவ கொஞ்சம் நகரணும்."

அந்த மூன்று வாரமும் மகளை நகர்த்தினார்கள். வகுப்போடு சேர்த்துத் தபால் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் முத்திரை குத்தவைத்தார்கள். முடி வெட்டுகிற கடையில் நிற்கவைத்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் 'இந்தத் தொழில் என்னை எப்படி மாற்றியது' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றிலும் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் 'நான் நர்ஸ் ஆவேன்' என்று முடித்திருந்தாள்.

"இந்த ஊசிக்கு மண்டையில வேற எதுவுமே ஏறாதா டீச்சர்?" என்றாள் பேனா. வகுப்பில் மகளுக்கு ஊசி என்று பெயர்.

மூன்றாவது களப்பயணத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு கட்டட வேலையிடம். பள்ளிக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் அது ஒன்றுதான். அதில்தான் சித்தாள் கலவை சுமந்துகொண்டிருந்தாள்.

வேனில் நாற்பது தலைக்கவசம் வந்தது. மஞ்சள் நிறம், உறைகூடப் பிரிக்காதது. பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். டீச்சர் போட்டுக்கொண்டாள். வேன் ஓட்டுநர்கூட ஒன்றைப் போட்டுக்கொண்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சாரத்தின் மேல் நின்ற கொத்தனார்கள் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள்.

நிகழ்ச்சிப் பட்டியலில் 'தொழில் வல்லுநர் உரை: பத்து நிமிடம்' என்று இருந்தது. மேஸ்திரி பேச மாட்டேன் என்று கழிப்பறைப் பக்கம் போய்விட்டதால், சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சித்தாள் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள். மகள் இரண்டாவது வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் துறைக்கு நீங்க எப்படி வந்தீங்க?" என்று தாளைப் பார்த்து டீச்சர் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் இங்க இருந்தாரு. நானும் வந்துட்டேன்."

"இதுல முன்னேறும் வாய்ப்புகள் எப்படி இருக்கு?"

சித்தாள் மேலே பார்த்தாள். "இப்ப ரெண்டாவது மாடி. அடுத்த வாரம் மூணாவது."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். 'வல்லுநர் தன் தொழிலை நேசிக்கிறாரா' என்ற கேள்விக்குச் சராசரியாகப் பத்துக்கு மூன்று வந்தது. டீச்சர் அதைச் சித்தாளிடம் தனியாகச் சொன்னாள், அடுத்த முறை கொஞ்சம் சிரித்துக்கொண்டே பேசினால் ஆறுவரை கொண்டுபோகலாம் என்று.

புறப்படும்போது தலைக்கவசங்களை எண்ணி வேனில் ஏற்றினார்கள். மேஸ்திரி அதற்குள் திரும்பி வந்திருந்தார்.

"மேடம், ஒரு பத்து மட்டும் இங்க விட்டுட்டுப் போங்களேன்."

"அது பார்வையாளர்களுக்குங்க. இங்க வேலை செய்யறவங்களுக்கு வேற கணக்குத் தலைப்புல கேக்கணும்."

அன்று மகள் எழுதிய பக்கத்தின் கடைசி வரியும் மாறவில்லை.

மறு அளவீட்டுக்கு முந்தைய வாரம் பெற்றோர் கூட்டம். தலைநகரிலிருந்து அளவீட்டு அலுவலர் வந்திருந்தார். சலவைச் சட்டை, பேசும்போது கண்களை மூடிக்கொள்கிற பழக்கம்.

"பெற்றோர்களே, முன்பெல்லாம் ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? படித்த பிள்ளை பின்னால் என்ன ஆனது என்று பார்த்தார்கள். அதற்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எனக்கு இரண்டு மாற்றல் வந்துவிடும். இன்று அந்த அவலம் இல்லை. பத்தே மாதத்தில் வெற்றியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒரு பிள்ளை என்ன ஆகிறது என்பது அந்தப் பிள்ளையின் பாடு. முதலில் என்ன ஆக நினைத்தது, கடைசியில் என்ன ஆக நினைத்தது, நடுவில் எவ்வளவு தூரம், இதுதான் எங்கள் பாடு. தூரம் அதிகமானால் தரம் அதிகம். வேறெதையும் நாங்கள் பார்ப்பதில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்."

கேள்வி நேரத்தில் சித்தாள் எழுந்தாள். "சார், ஒரு செங்கல்லு இருக்க வேண்டிய இடத்துலயே இருந்தா, அதை எதுக்கு எடுத்து வேற இடத்துல வைக்கணும்?"

அலுவலர் கண்களைத் திறந்தார். "மிக அருமையான கேள்வி" என்றார். 'பெற்றோர் பங்கேற்பு: உண்டு' என்று குறித்துக்கொண்டார். பிறகு தேநீர் கொடுத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் தாயையும் மகளையும் படிக்கட்டோரம் இழுத்துப்போனாள். குடுவைகள் கிடந்த இடம் அது. கையில் 'தூர அட்டவணை' இருந்தது. எந்தத் தொழிலுக்கும் எந்தத் தொழிலுக்கும் எவ்வளவு தூரம் என்று அதில் போட்டிருந்தது. நர்சுக்கும் டாக்டருக்கும் ஒன்று. நர்சுக்கும் சமையற்காரருக்கும் நான்கு.

"இங்க பாரு. கட்டட உள் அலங்காரம். ஒன்பது. இதுக்கு மேல தூரமே கிடையாது. தொழில் மாறின தூரமும் நகர்வுலதான் சேரும். பேசாம இதை எழுதிடு. சான்றிதழ் வந்துடும்."

"அப்புறம் திரும்ப நர்சுன்னு மாத்திக்கலாமா டீச்சர்?" என்று மகள் கேட்டாள்.

"மாத்திக்கலாம்னுதான் நினைக்கிறேன்."

அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டில் மகள் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "எழுத மாட்டேம்மா. இன்னொரு தடவை நர்ஸ்னே எழுதறேன். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொன்னா ஒரு நாள் புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"புரிஞ்சுக்கிற ஆளுங்க இல்லடி அவங்க. கழிக்கிற ஆளுங்க."

"பொய் எழுதச் சொல்றியா?"

"பேப்பர்லதானடி. உன் மனசுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்? நானுந்தான் தினமும் மேஸ்திரி கேட்டா உடம்பு நல்லா இருக்குன்னு சொல்றேன். சொன்னாத்தான் மறுநாள் வேலை. சொல்லிட்டு, என் இடுப்பு வலியை நானே வச்சுக்கறேன். அது மாதிரி நினைச்சுக்க."

மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு, "நீ சொன்னியேன்னுதான்" என்றாள்.

மறு அளவீட்டில் கட்டட உள் அலங்காரம் என்று எழுதி, தெளிவுக்குப் பத்து போட்டாள். 'ஏன்' என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. அங்கே கா-1 என்று குறித்திருந்தார்கள். கா-1 என்றால் 'நன்கு ஆராய்ந்த விருப்பம்'.

வெற்றி விழாவில் அவளுக்கு முதல் பரிசு. பேனாவுக்குத் தெளிவுதான் கூடியிருந்தது. இவளோ தொழிலையே தாண்டியிருந்தாள். ஒன்பது புள்ளித் தூரம் கடந்தவர் நாட்டிலேயே இவள் ஒருத்திதான் என்று அலுவலர் சொன்னார். "பத்து மாதம் அசையாமல் நின்ற ஒரு பிள்ளை, மூன்றே வாரத்தில் இந்தத் தூரம் வந்திருக்கிறாள் என்றால், அது யாருடைய வெற்றி? அடக்கத்தோடு சொல்கிறேன், என்னுடையது." மகள் மேடையில் நின்றாள். படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். அந்தப் படத்தை விமானிக்கும் நீதிபதிக்கும் நடுவில் ஒட்டினார்கள். சித்தாள் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் ஏதாவது நினைப்பார்களோ என்று எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

சேர்க்கை நாளன்று இருவரும் முதல் ஆளாக வரிசையில் நின்றார்கள். சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெற்றி. நல்லது. ஆனா இதுல உள் அலங்காரம்னு இருக்கே. நர்சிங் பிரிவுக்கு எதுக்கு வந்து நிக்கறீங்க?"

"அது சும்மா எழுதினது சார்" என்றாள் சித்தாள். "அவளுக்கு நர்சுதான்."

"சும்மா எழுதினதுக்கா முதல் பரிசு குடுத்தாங்க? கடைசித் தாள்ல என்ன இருக்கோ அந்தப் பிரிவுதான். உள் அலங்காரப் பிரிவு இந்தப் பள்ளியில இல்ல. வேற ஊர்ல, தனியார்ல இருக்கும்."

"அப்ப மாத்தி எழுதித் தர்றோம் சார்."

"மாத்தலாம்" என்றார் எழுத்தர். தாயும் மகளும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். "ஆனா புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தா, போன தூரம் முழுக்கக் கழிஞ்சிடும். நகர்வு பூஜ்ஜியம். சான்றிதழ் ரத்து. சான்றிதழ் இல்லாம மனு போட முடியாது. அடுத்தவங்க வாங்க."

அடுத்து நின்றது பேனா. அவள் சான்றிதழில் நர்ஸ் என்று இருந்தது. ஒரு நிமிடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் பேனா வந்து மகளின் பக்கத்தில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "ஊசி, அன்னைக்கு உன்கிட்டதானே பேனா வாங்கினேன். என்ன எழுதறதுன்னு தெரியல. உன் பேப்பரைப் பாத்து அப்படியே எழுதிட்டேன். எனக்கு ரத்தத்தைக் கண்டா மயக்கம் வரும்டி."

"தண்ணி குடிச்சிட்டுப் போ. வெறும் வயித்தோட நிக்காத. அப்பதான் மயக்கம் வரும்" என்றாள் மகள். "முதல்ல ரத்தத்தைப் பாக்காத. ஆளோட முகத்தைப் பாரு."

சித்தாள் தலைநகருக்குப் பஸ் ஏறி, அலுவலரைப் பார்க்க மூன்று முறை போனாள். மூன்றாவது முறை உள்ளே விட்டார்கள். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். அப்படி ஒரு மரியாதையை அவள் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

"உங்கள் மகளால்தான் இந்தப் பள்ளி முதலிடத்துக்கு வந்தது. அவளை எடுத்துவிட்டால் பதினொன்றாம் இடம். என் பிள்ளையாக இருந்தாலும் நான் இப்படித்தான் முடிவெடுப்பேன்."

"உங்க பிள்ளை என்னங்க படிக்குது?"

"அவன் தனியார் பள்ளி. அங்கே இந்த வகுப்பெல்லாம் கிடையாது" என்றார் அலுவலர், கண்களை மூடிக்கொண்டு.

அன்று வீடு திரும்பிய சித்தாள் மகளிடம், "நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள். மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ மட்டுமா சொன்ன" என்றாள். இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு மாதத்தில் சித்தாளின் இடுப்பு வலி மேஸ்திரியிடம் பொய் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, யாரும் கூப்பிடாமல், மகள் அப்பனின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு தாயோடு புறப்பட்டாள். மேஸ்திரி பார்த்தார். தலையில் சும்மாடு சுற்ற ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்துக் கட்டடம் ஐந்தாவது மாடியில் இருந்தபோது சித்தாளின் ஃபோன் அடித்தது. பேசியது ஒரு பெண் குரல். தொடர் கண்காணிப்புப் பிரிவு என்றது.

"உங்க மகள் இப்ப வேலையில இருக்காங்களா?"

"இருக்கா."

"எந்தத் துறைம்மா?"

"கட்டட வேலை."

பொத்தான்கள் தட்டும் சத்தம் கேட்டது. "சான்றிதழ்ல கட்டட உள் அலங்காரம்னு இருக்கு. கட்டடத்துக்குக் கட்டடம், துறை பொருந்துது. ரொம்ப சந்தோஷம்மா. நூத்துல ரெண்டு பேருக்குக்கூடப் பொருந்த மாட்டேங்குது. உங்க பள்ளியை இதுக்காகவே தனியா குறிச்சிருக்காங்க. ஒரே ஒரு கேள்வி பாக்கி, அதை மாணவிதான் சொல்லணும். குடுக்கறீங்களா?"

மகள் பலகைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். தலையில் கலவை நிறைந்த சட்டி, இரண்டு கையும் அதைப் பிடித்திருந்தன. சித்தாள் தன் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஏறிப்போய், ஃபோனை மகளின் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"தொழில் தேடல் வகுப்பின் மூலம் உங்கள் எதிர்கால விருப்பம் நிறைவேறியதா? ஆம், இல்லைன்னு சொன்னாப் போதும்."

மகள் சட்டியைத் தலையில் சரிசெய்துகொண்டாள். "இல்லன்னா?"

"இல்லன்னா இன்னும் பதினாலு கேள்வி இருக்குங்க. ஆமான்னா இதோட முடிஞ்சுது."

மேலேயிருந்து கொத்தனார் கலவை காய்கிறது என்று சத்தம் போட்டார்.

"ஆமா" என்றாள் மகள்.

அந்தக் குரல் நன்றி சொன்னது. இணைப்பு அறுந்தது. சித்தாள் ஃபோனை எடுக்காமல், மகளின் காதோடு அழுத்திப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

"வச்சிட்டாங்கம்மா" என்றாள் மகள். "கைய எடு. நான் மேல போகணும்."